இரவு 12 மணிக்கு வரிசையில் நின்றவர்கள்

உதவித்தொகைப் பதிவுத் தளத்தை நடத்தும் துறை அலுவலர்களுக்கும், அந்தத் தளத்தை அமைத்துக் கொடுத்த நிறுவனத்தாருக்கும்:

போதிய அவகாசம் கொடுத்தும் பதிவு செய்யத் தவறியவர்களுக்கு இனி வாய்ப்பு கிடையாது, அடுத்த சுற்றும் இணையத்தில் மட்டும்தான், முதலில் வருபவருக்கே முன்னுரிமை என்று போன வாரம் அறிவித்திருக்கிறீர்கள். அந்த அறிவிப்பை என் கடைக் கண்ணாடியில் நானேதான் ஒட்டினேன். ஒட்டிவிட்டு நின்று வாசித்தபோது 'தவறியவர்கள்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. என் கடையில் மட்டும் அப்படித் 'தவறியவர்கள்' 41 பேர். அவர்கள் எப்படித் தவறினார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

கம்பத்தில் பதினொரு வருடமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஆறு சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ரேகை வைக்கிற கருவி ஒன்று. வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள். இந்தப் பக்கம் வந்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களுக்கு மேற்கே மலை ஏறினால் கேரளா. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய்விடும். திரும்பி வர இருட்டிவிடும். வீடும் ரேஷன் கார்டும் இங்கே, கூலி அங்கே. போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஜீப்பை விட்டு இறங்கிய கோலத்திலேயே நேராக என் கடைக்கு வருவார்கள். வீட்டுக்குப் போய்விட்டால் உலை வைக்க வேண்டும், அப்புறம் வர முடியாது.

உங்கள் உதவித்தொகைத் திட்டம் இவர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்காகத்தான். நல்ல திட்டம். நல்ல திட்டமாக இருப்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

பத்து நாள் கொடுத்தோம் என்கிறீர்கள். சரி, அந்தப் பத்து நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். விண்ணப்பத்தோடு புது வருமானச் சான்று வைக்க வேண்டும் என்று போட்டிருந்தீர்கள். அந்தச் சான்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கை மாறி வர வேண்டும். எங்களுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் உங்கள் தளம் காலியாகத்தான் கிடந்தது. நானே சும்மா திறந்து பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. சான்று கைக்கு வந்த எட்டாம் நாள் எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி வந்தார்கள். பகல் முழுக்க மலையில் இருப்பவர்களுக்கு ஆக மொத்தம் மிஞ்சியது மூன்று சாயங்காலங்கள். மாநிலம் முழுக்கக் கூலிக்குப் போய்த் திரும்புகிற எல்லோருக்கும் அதே மூன்று சாயங்காலங்கள்தான் மிஞ்சியிருக்கும். 'எதிர்பாராத நெரிசல்' என்று உங்கள் அறிவிப்பில் ஒரு வரி இருக்கிறது. சான்று கேட்டவர்களும் நீங்களே, கடைசித் தேதி குறித்தவர்களும் நீங்களே. இதில் எதிர்பாராதது எது என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு என் கடையில் இருபத்தாறு பேர். பெஞ்சில் ஒன்பது பேர், மீதிப் பேர் பக்கத்து டீக்கடைப் படியில். யார் முன்னால் வந்தது என்று சச்சரவு வரக்கூடாது என்பதற்காகப் பழைய தினசரிக் காலண்டர் தாள்களை எடுத்து, பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதிக் கொடுத்தேன். எண் கைக்கு வந்ததும் பாதிப் பேர் நிம்மதியாக எழுந்து போனார்கள். ஒருத்தர் காய்கறி வாங்கி வந்தார், ஒருத்தர் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கி வந்தார். யாரும் யாரையும் முந்தவில்லை. என் கடையில் வரிசை இருந்தது, உங்கள் தளத்தில்தான் இல்லை.

ஏழாம் எண் வைத்திருந்த அக்கா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளுக்காக வந்திருந்தார். காய் எடுத்து எடுத்து அவர் விரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது. என் கருவி அவரை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதே இல்லை. அதனால் ஓடிபி வழியில் போனோம். ஓடிபி வருகிற போன் அவர் வீட்டுக்காரரிடம். அவருக்கு அன்றைக்குத் தோட்டத்திலேயே தங்கல், ஸ்டோரில் காய் உலர்த்துகிற ராத்திரி வேலை. அங்கே சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஸ்டோருக்கு வெளியே ஒரு பாறை. நான் பட்டனை அமுக்குவேன், அக்கா பக்கத்தில் இருப்பவரின் போனை வாங்கி அவரைக் கூப்பிடுவார், அவர் பாறை மேல் ஏறி நின்று எண்ணை ஒவ்வொன்றாகக் கத்தி வாசிப்பார். ஓடிபிக்கு நீங்கள் கொடுத்திருந்த ஆயுள் மூன்று நிமிடம். எங்களுக்கு நாலாம் நிமிடத்தில்தான் கடைசி எண் வந்து சேர்ந்தது. காலாவதி என்று சிவப்பில் வந்தது. இப்படி ஐந்து முறை. ஐந்தாம் முறைக்குப் பிறகு பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி அந்தப் போன் எண்ணையே ஒரு மணி நேரம் பூட்டிவிட்டீர்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதே எஸ்எம்எஸ்ஸில் எழுதுகிறவர்கள் நீங்கள். மலை மேல் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்த வைப்பவர்களும் நீங்கள்தான்.

பூட்டு அவிழ்ந்தபோது மணி ஒன்பதே கால். அதற்குப் பிறகு தளமே திறக்கவில்லை. வெள்ளைப் பக்கம், நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டம். சில தடவை 503 என்ற பிழை எண் வரும். சில தடவை, சிறிது நேரம் கழித்து முயலுங்கள் என்று வரும், அதுவும் ஆங்கிலத்தில். சிறிது நேரம் என்றால் எவ்வளவு? பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பரிடம் குமுளி வண்டி எப்போது என்று கேட்டால் இருபது நிமிஷம் ஆகும் என்பார். அது முப்பது ஆனாலும் பரவாயில்லை, ஒரு டீ குடித்துவிட்டு வரலாமா என்று முடிவு செய்ய அந்த ஒரு வார்த்தை போதும். உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டு கேட்ட பிறகு ஒரு தம்பி எடுத்தார். "சர்வர் பிசியா இருக்கு மேடம், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ட்ரை பண்ணுங்க, ஃப்ரீயா இருக்கும்" என்றார். தளம் மூடுவதே பன்னிரண்டு மணிக்கு என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அக்கா அந்த வட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் கேட்டார், "ஏன் பாப்பா, நமக்கு முன்னாடி எத்தன பேரு நிக்கிறாக?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ரேஷன் கடையில் நின்றாலும், ஆஸ்பத்திரியில் நின்றாலும் முன்னால் இருக்கிற தலையை எண்ணிவிடலாம். உங்கள் வரிசையில் நமக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பது போகட்டும், நாம் வரிசையில்தான் இருக்கிறோமா என்பதே தெரியாது.

11:40க்குத் திறந்தது. நான்கு பக்கம் நிரப்பினேன். வருமானச் சான்றைச் சுருக்கி ஏற்றினேன். கடைசிப் பக்கத்தில் 'சமர்ப்பி' என்பதை அமுக்கினால் மறுபடி ஓடிபி. அக்கா போன் போட்டார். மனுஷர் பாவம், அந்த நேரத்திலும் பாறையை விட்டு இறங்காமல் நின்றிருக்கிறார். உடனே வாசித்தார், உடனே போட்டேன். உங்கள் அமர்வு முடிந்துவிட்டது என்று முதல் பக்கத்துக்கே தள்ளிவிட்டது. நிரப்பியதில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. மணி 11:58. திரும்பத் தொடங்கினேன். 12:03க்கு வந்தது: பதிவு முடிவடைந்தது.

அக்கா காலண்டர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். காலையில் நாலு மணிக்கு எழ வேண்டும் என்று கிளம்பினார். அவர் கொடுத்த ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "நீயுந்தான ராத்திரி பூராம் உக்காந்திருந்த" என்றார்.

அந்த மூன்று நாளில் என் கடைக்கு வந்தவர்கள் 63 பேர். பதிவு முடிந்தது 22 பேருக்கு. யார், எந்த நேரத்தில் தொடங்கினோம், எந்தப் பக்கத்தில் நின்றது, திரையில் என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதி வைப்பது என் பழக்கம், பின்னால் காசு விஷயத்தில் தகராறு வரக்கூடாது என்பதற்காகத் தொடங்கியது. அது இப்படி உதவும் என்று நினைக்கவில்லை.

இங்கே என் தப்பையும் சொல்லிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பொறுமை போய், ஆறு சிஸ்டத்திலும் நாலு நாலு டேப் திறந்து மாற்றி மாற்றி ரீஃப்ரெஷ் தட்டினேன். ஆறு பேருடைய வேலைக்கு இருபத்துநாலு கோரிக்கை, அதுவும் சில வினாடிக்கு ஒரு தடவை. நான் எம்.சி.ஏ. படித்தவள். ஒவ்வொரு தட்டலும் உங்கள் சர்வருக்குப் புது ஆள் வந்து நிற்பது மாதிரி என்பதும், பழைய கோரிக்கையையே அது இன்னும் முடித்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே தட்டினேன். எனக்கு ஓர் எண் கொடுத்து உட்காரச் சொல்லியிருந்தால் தட்டியிருக்க மாட்டேன். மாநிலம் முழுக்க என்னைப் போல எத்தனை கடை, எத்தனை வீடு? உங்கள் தளத்தைக் கவிழ்த்ததில் பாதி இந்தத் தட்டல்தான் என்று நினைக்கிறேன். எண் இல்லாத இடத்தில் இடித்துத் தள்ளுகிறவனுக்குத்தான் வழி என்று ஆகிவிடுகிறது.

அதற்குத் தண்டனையும் கிடைத்தது. அளவுக்கு மீறிய கோரிக்கைகள் என்று என் கடை இணைப்பையே அரை மணி நேரம் தடுத்தது உங்கள் தளம். ஆறு சிஸ்டமும் ஒரே இணைப்பில் ஓடுவதால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரே ஆள் மாதிரித்தான் தெரியும். டேப்களையெல்லாம் மூடிவிட்டு, ஆளுக்கு ஒன்று என்று வைத்துப் பார்த்தபோதும் இரண்டாம் தடவை தடுத்தது. வீட்டில் தனி இணைப்பு வைத்திருப்பவர் ஓர் ஆள். அது இல்லாமல் சென்டருக்கு வருகிற இருபத்தாறு பேரும் சேர்ந்து ஓர் ஆள். இணையத்தில் மட்டும்தான் என்று நீங்கள் சொல்லும்போது, யாருக்கு இணையம் இல்லையோ அவர்களைத்தான் உங்கள் காவல்காரன் முதலில் வெளியே தள்ளுகிறான்.

நாங்கள் படித்தபோது வரிசைக் கோட்பாடு என்று ஒரு பாடம் இருந்தது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்பவர் 1909-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது அது. பரீட்சைக்காகப் படித்ததில் ஒரு கணக்கு மட்டும் மறக்கவில்லை. ஒரே ஒரு கவுண்டர், ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் முன்பின்னாக இருக்கிறது என்று வையுங்கள். கவுண்டரின் சக்தியில் 50 சதவீதத்துக்கு வேலை இருந்தால் சராசரியாக அங்கே நிற்பது ஒருத்தர்தான். 90 சதவீதம் ஆனால் 9 பேர். 99 சதவீதம் ஆனால் 99 பேர். அதாவது 'இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது' என்று நினைக்கிற அந்தக் கடைசித் துளியில்தான் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். இது உங்கள் நிறுவனத்தாருக்குத் தெரியாத கணக்கா? சர்வர் தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கீழேயே வாசலை நிறுத்தி, மீதிப் பேரை வெளியே உட்கார வைப்பதுதான் வழி என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் பாடம் படிக்காமலே சொல்லலாம். முல்லைப் பெரியாறு அணை 1895-லிருந்து நிற்கிறது. அந்தத் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல். அணையில் எவ்வளவு இருந்தாலும் அத்தனையையும் ஒரே நாளில் வாய்க்காலில் யாரும் திறந்துவிடுவதில்லை. விட்டால் கரை உடைந்து தலைமடைக்காரனுக்கும் கிடைக்காது, கடைமடைக்காரனுக்கும் கிடைக்காது. அதற்குத்தான் மதகு, அதற்குத்தான் முறை. மென்பொருள்காரர்கள் காத்திருப்பு அறை என்று சொல்வது இந்த மதகைத்தான். தளத்துக்கு முன்னால் கனமில்லாத ஒரு பக்கம். வந்தவுடன் எண் கொடுக்கும். உள்ளே எத்தனை பேர் வேலையை முடிக்கிறார்களோ அத்தனை பேரை மட்டும் அடுத்து உள்ளே விடும். வெளியே இருப்பவருக்கு முன்னால் எத்தனை பேர், தோராயமாக எவ்வளவு நேரம் என்று காட்டும். அவ்வளவுதான் சங்கதி.

மற்றவர்களும் இதில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர் டாட் கவ் என்ற தளத்தைத் திறந்தது. முதல் நாளில் கடைசிவரை போய்ப் பதிவை முடித்தவர்கள் ஆறே பேர் என்று அவர்களுடைய உள்குறிப்புகளே பின்னால் வெளிவந்து சொல்லின. அந்த வருடம் டிசம்பருக்குள் தளத்துக்கு முன்னால் ஒரு வரிசையை வைத்தார்கள். கூட்டம் அதிகமானால் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுப் போகலாம், நேரம் வரும்போது அழைப்பு வரும். 2014 மார்ச் 31 கடைசித் தேதி என்று வைத்துவிட்டு, அதற்குள் தொடங்கி முடிக்க முடியாமல் போனவர்களுக்கு மேலும் நாட்கள் கொடுத்தார்கள். நம் நாட்டிலேயே 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குக் கொரோனா தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் 18 வயது கடந்தவர்களுக்குத் திறந்தபோது முதலில் திணறியது, ஆனாலும் அன்றைக்கே ஒரு கோடிக்கு மேல் பதிவு ஏறியது. முடியாத காரியம் என்று எதுவும் இல்லை.

அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. ரயில் தட்கல் டிக்கெட்டில் ஏசிக்கும் ஏசி இல்லாததற்கும் ஒரே நேரத்தில் திறந்து அடிதடி ஆனதால், 2015 ஜூனில் ஒன்றைப் பத்து மணிக்கும் இன்னொன்றைப் பதினொரு மணிக்கும் பிரித்தார்கள். 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கியபோது, ரேஷன் கடைக்காரர்கள் வீட்டுக்கே வந்து விண்ணப்பத்தோடு டோக்கனும் கொடுத்தார்கள். எந்த நாள், எந்த நேரம் முகாமுக்கு வர வேண்டும் என்று அதில் இருந்தது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் அந்த ஒரு நாளுக்கு மட்டும் வேலைக்கு மட்டம் போட்டால் போதும் என்று ஆனது. பொங்கல் பரிசுக்கும் இதே டோக்கன்தான். ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குத் துண்டுச் சீட்டில் செய்து காட்டிய காரியம், கம்ப்யூட்டர் வந்ததும் மறந்துபோகிறது.

அப்புறம் சபரிமலை. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன்மார் வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் குமுளிக்கு ஏறும். அங்கே 'வெர்ச்சுவல் க்யூ' வருடக்கணக்காக இருக்கிறது. 2024-இல் இனி ஆன்லைனில் பதிந்தால் மட்டும்தான் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் பம்பை, எருமேலி, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களில் நேரில் பதிந்துகொள்ள ஏற்பாடு செய்தார்கள். வண்டிப்பெரியாறு குமுளிக்கு அடுத்த ஊர்தான், அந்தக் கவுண்டரில் ஆன்லைனே தெரியாத பெரியவர்கள் அடையாள அட்டையை நீட்டிப் பதிந்துகொண்டு போனார்கள். அறிவித்ததைத் திருத்திக்கொண்டதால் யாருடைய மரியாதையும் குறைந்துவிடவில்லை.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது வாக்குச்சாவடி. போன தேர்தலில் எங்கள் பூத்தில் நான் பார்த்தது இது. மாலை ஆறு மணி ஆனதும் கதவைச் சாத்தவில்லை. அலுவலர் ஒருவர் கையெழுத்துப் போட்ட சீட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வரிசையின் கடைசியில் நின்றவரிடம் போய் ஒன்றாம் எண் சீட்டைக் கொடுத்து, அங்கிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தார். வாலிலிருந்து தொடங்கினால்தான் ஆறு மணிக்குப் பிறகு வருகிறவர் யாரும் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. சீட்டு வைத்திருந்த கடைசி ஆள் ஓட்டுப் போடும்வரை சாவடி திறந்திருந்தது. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகளிலேயே இது இருக்கிறது: முடிவு நேரத்துக்குள் சாவடிக்கு வந்துவிட்டவர் அத்தனை பேருக்கும் ஓட்டு உண்டு. நேரத்துக்கு வந்துவிட்டான், ஆனால் அவன் முறை வரவில்லை என்றால் அது அவன் குற்றமாகாது. இதை அறுபது வருடத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஏழாம் எண் அக்கா ஆறே முக்காலுக்கு வந்துவிட்டார். அவர் உங்கள் பட்டனை முதலில் அமுக்கியபோது மணி 7:20, என் நோட்டில் இருக்கிறது. ஐந்து மணி நேரம் உங்கள் வாசலில் நின்ற ஒருவரைத் தவறியவர் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இனி நான் கேட்பவை.

முதலில் அந்த 41 பேர், அவர்களைப் போல மற்ற ஊர்களில் உள்ளவர்கள். ஓடிபி கேட்ட ஒவ்வொரு போன் எண்ணும், கேட்ட நேரமும் உங்கள் சர்வரிலேயே பதிவாகியிருக்கும். கடைசி நாள் இரவு 12 மணிக்குள் ஓடிபி கேட்டு, பதிவு முடியாமல் போன எண்கள் எத்தனை என்று எடுங்கள். உங்களுடைய சீட்டு அதுதான். அந்த எண்களுக்கு மட்டும் எஸ்எம்எஸ் அனுப்பி, பதினைந்து நாள் தளத்தைத் திறந்துவையுங்கள். புதிதாக யாரையும் சேர்க்கச் சொல்லவில்லை. வாசலில் நின்றவர்களை உள்ளே விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கூடவே, 'தவறியவர்கள்' என்ற சொல்லை அறிவிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடுத்த சுற்றுக்கு முன்னால் தளத்துக்கு ஒரு காத்திருப்பு வரிசை வேண்டும். எண் தமிழில் தெரிய வேண்டும், முன்னால் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். முக்கியமாக, அந்த எண் போன் நம்பரோடு ஒட்டியிருக்க வேண்டும். கரண்ட் போனாலும், பக்கத்தை மூடினாலும், மறுநாள் வேறு கடையில் உட்கார்ந்தாலும் இடம் போகக்கூடாது. முறை வந்ததும் எஸ்எம்எஸ் வரட்டும். வந்த பிறகு ஒரு முழு நாளாவது அந்த முறை செல்லுபடியாக வேண்டும். பகலில் மலையில் இருப்பவருக்குப் பகல் பதினொரு மணிக்கு முறை வந்து, பதினொன்றரைக்கு முடிந்தால் என்ன பிரயோஜனம்?

நிரப்பிய பக்கம் அழியக்கூடாது, அங்கங்கே சேமித்துக்கொண்டே போகட்டும். ஓடிபிக்கு மூன்று நிமிடம் போதாது, பதினைந்து நிமிடமாவது கொடுங்கள், ஒரு பதிவுக்கு ஒரு தடவை போதும். இன்னொரு போன் எண்ணையும் சேர்த்துக்கொள்ள இடம் வையுங்கள்.

சென்டர்களைத் திருடனைப் போல நடத்தாதீர்கள். அனுமதி பெற்ற மையங்களுக்குத் தனி அடையாளம் கொடுத்தால் ஒரே இணைப்பிலிருந்து பத்துப் பேர் வந்தாலும் பத்துப் பேர் என்று தெரியும். நாங்கள் எத்தனை பதிகிறோம், எவ்வளவு வாங்குகிறோம் என்று கணக்குக் கேளுங்கள், தருகிறோம். அந்த மூன்று நாளில் கட்டாயம் முடித்துத் தருகிறேன் என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் வாங்கியவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களைப் பிடிக்கவும் அது உதவும்.

மாவட்டத்துக்கு ஒரு நாள், அல்லது ரேஷன் கார்டின் கடைசி எண்ணுக்கு ஒரு நாள் என்று பிரியுங்கள். சான்று வாங்க ஆகும் நாட்களைப் பதிவு நாட்களில் கழிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதுதான் பெரியது. முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்பதை எடுத்துவிடுங்கள். இந்தப் படிப்புதவி வேகமாகத் தட்டச்சு செய்கிறவருக்கான பரிசு கிடையாது. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்குகிற 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பங்கள் அதிகமானால் என்ன செய்கிறார்கள்? குறித்த தேதிக்குள் யார் எப்போது போட்டாலும் ஒன்றுதான், பிறகு குலுக்கல். நீங்கள் குலுக்கினாலும் சரி, வருமானத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் சரி. முதல் நிமிடத்தில் வந்தவனும் கடைசி நிமிடத்தில் வந்தவனும் சமம் என்று அறிவித்துப் பாருங்கள், பாதி நெரிசல் அன்றைக்கே கலைந்துவிடும். இணையமே வேண்டாம் என்பவருக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்திலோ பள்ளியிலோ காகித விண்ணப்பம் கொடுத்து, வாங்கியதற்கு ரசீது தரவும் வழி செய்யுங்கள்.

நோட்டின் நகலைப் பதிவுத் தபாலில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் ஆட்களின் பெயரும் போன் எண்ணும் இருப்பதால் இங்கே போடவில்லை. அடுத்த சுற்று தொடங்கும் முன்பு எழுத்தில் பதில் வேண்டும். ஏழாம் எண் அக்கா ஜீப்பை விட்டு இறங்கிப் போகும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, "ஏதும் சொன்னாகளா பாப்பா" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்ல ஒரு தேதி கொடுங்கள்.

இப்படிக்கு,
கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஒருத்தி